செத்த காலேஜ் வேலையும் செல்லரிக்கும் ஏடுகளும்

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தை ஒரு காலத்தில் பாமர மக்கள் ‘செத்த காலேஜ்’ என்றழைத்தனர். மூர்மார்க்கெட்டுக்குப் பக்கத்திலிருந்த மிருகக்காட்சிச் சாலை அவர்களுக்கு ‘உயிர்க் காலேஜ்’. அங்கே புலி உறுமிற்று. இங்கே அதே புலி பஞ்சடைக்கப்பட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றது. வேடிக்கையாகப் பிறந்த பெயர், அதில் குற்றமில்லை. ஆனால் அந்த வேடிக்கைப் பெயரையே ஒரு கொள்கையாக்கி, அருங்காட்சியகத்தில் பணிபுரிவதென்பது பிணத்துக்குக் காவலிருப்பது என்று முடிவு கட்டிவிட்ட சமுதாயம் ஒன்று உண்டென்றால், அது நம் தமிழ் முஸ்லிம் சமுதாயமே. முடிவு தவறானது என்பது மட்டுமன்று. அதற்கு நாம் ஆண்டுதோறும் விலை கொடுத்துக்கொண்டும் இருக்கிறோம்.

புதுச்சேரி, வில்லியனூர்க் கொம்யூனில் சேதராப்பட்டு என்றோர் ஊர். இன்று அவ்வூர்ப் பெயரைச் சொன்னால் எவருக்கும் தொழிற்பேட்டைதான் நினைவுக்கு வரும். பிழைப்பை நாடி அங்கே குடியேறிய நம்மவர் வீட்டுப் பெண்ணொருத்தி, வரலாற்றில் பட்டம் பெற்றவள், அருங்காட்சியகவியல் படித்துக் காப்பாட்சியராக வேண்டும் என்று விரும்பினாள். தந்தையார் கேட்ட கேள்வி இது: “ஏம்மா, பொம்மைக்குக் காவல் இருக்கவா உன்னை இவ்வளவு தூரம் படிக்க வெச்சேன்? பி.எட். படி, இல்லேன்னா கம்பெனியில கணக்கெழுதப் போ.” தாயார் ஒரு படி மேலே போய், சிலைகளுக்கு நடுவே வேலை பார்ப்பது ஈமானுக்கே ஆகாது என்று தீர்ப்பளித்துவிட்டார். அக்கம்பக்கத்தார் சிரித்தனர். விண்ணப்பப் படிவம் நிரப்பப்படாமல் கிடக்கிறது.

அந்தத் தந்தையாரை நான் பழிக்கப் போவதில்லை. வயிற்றுக்குப் பாடுபடுகிறவர் பிள்ளையின் சம்பளத்தைப் பற்றிக் கேட்பது நியாயமே. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அவர் குடியிருக்கும் மண்ணின் கதையை அவருக்குச் சொல்ல வேண்டும்.

சேதராப்பட்டு, காரசூர், வழுதாவூர் ஆகிய ஊர்களின் பூமிக்கடியில் சுண்ணாம்புப் பாறை இருக்கிறது. சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அவ்விடமெல்லாம் கடல். அக்கடலில் வாழ்ந்து மடிந்த சிப்பிகளும் நத்தைகளும், ஆட்டுக்கடாவின் கொம்புபோல் சுருண்ட அம்மோனைட்டு என்னும் உயிரினங்களும் கல்லாகி அப்பாறையில் உறைந்திருக்கின்றன. 1840-களின் தொடக்கத்தில், சென்னை ராஜதானியில் சிவில் உத்தியோகம் பார்த்த கேய் என்ற ஆங்கிலேயரும் கன்லிஃப் என்பவரும் புதுச்சேரி வட்டாரத்திலிருந்து இவற்றைத் திரட்டி இலண்டனுக்கு அனுப்பினர். அங்கே எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்பவர் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, அளந்து, விவரித்து, பெயரிட்டு, 1846-இல் இலண்டன் புவியியற் கழகத்தின் ஏட்டில் வெளியிட்டார். இந்திரா, பிரம்மா, சூரியா, வருணா என்றெல்லாம் அவர் அம்மோனைட்டுகளுக்குப் பெயர் சூட்டினார். ஒன்றுக்குக் கேயின் பெயரே இடப்பட்டது. பாறையை நன்கறிந்திருந்த ஊர்க்காரன் எவன் பெயரும் எதற்கும் இல்லை. இன்றும் உலகின் எந்த மூலையில் ஒரு புவியியலார் அவ்வகை அம்மோனைட்டைக் கண்டெடுத்தாலும், ஃபோர்ப்ஸ் எழுதிய விவரத்தோடு ஒப்பிட்ட பின்னரே அதற்குப் பெயர் சொல்ல முடியும். அந்த மாதிரிகள் இருப்பதோ இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில். சேதராப்பட்டில் இக்கதையைச் சொல்வதற்கு ஓர் அறைகூட இல்லை.

ஃபோர்ப்ஸ் யார்? சேதராப்பட்டைக் கண்ணால் கண்டவரல்லர். இந்தியாவில் கால் வைத்தவருமல்லர். எடின்பரோவில் மருத்துவம் படிக்கப் போய், அதை முடிக்காமல் விட்டவர். தந்தையின் செல்வம் நொடித்துப் போகவே, சம்பளத்துக்காக 1842-இல் இலண்டன் புவியியற் கழக அருங்காட்சியகத்தில் காப்பாட்சியராகச் சேர்ந்தவர்! ஆம், நம் சேதராப்பட்டுத் தந்தையார் ‘பொம்மைக்குக் காவல்’ என்று இகழ்கிறாரே, அந்த வேலைதான். 1854-இல், தம் 39-ஆம் வயதில் அவர் மறைந்தார். மருத்துவராகியிருந்தால் அவரை எவர் நினைத்திருப்பார் என்று நான் கேட்க மாட்டேன், மருத்துவம் பெருந்தொழில். ஆனால், சேதராப்பட்டின் ஏழு கோடி ஆண்டுக் கதை உலக அறிவில் ஏறியதற்கு ஒரு காப்பாட்சியரின் கையும் பேனாவும் காரணமாயின என்பதை மறுக்க முடியுமா?

காப்பாட்சியர் என்றால் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு கதவோரம் உட்கார்ந்திருப்பவர் என்று நம்மவர் எண்ணுகின்றனர். அவர் செய்வது வேறு. வந்து சேரும் பொருள் ஒவ்வொன்றுக்கும் பதிவேட்டில் எண் கொடுக்கிறார். அது எங்கே கிடைத்தது, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது, எந்த நிலையில் வந்தது என்று எழுதுகிறார். போலியா மெய்யா என்று ஆய்கிறார். ஈரத்திலிருந்தும் வெளிச்சத்திலிருந்தும் பூச்சியிலிருந்தும் காக்கிறார். பிறகுதான் நாம் பார்க்கும் கண்ணாடிப் பெட்டி. பதிவேட்டில் ஏறாத பொருள், எவ்வளவு அருமையானதாயினும், நாளை பழைய சாமானாகிவிடும். ‘கிடைத்த இடம் தெரியாது’ என்ற மூன்று சொற்கள் ஒரு செப்பேட்டையும் வெறும் செம்பாக்கிவிடும்.

இதே புதுச்சேரியில் நம் கண்முன் நடந்த ஒன்றைப் பாருங்கள். 1955-இல் பிரெஞ்சு நிறுவனம் அங்கே தொடங்கப்பட்டது. அதன் அறிஞர்கள் சைவ ஆகமச் சுவடிகளைத் தேடித் திரட்டினர், படியெடுத்தனர், பட்டியலிட்டனர். புதுச்சேரியிலுள்ள அச்சைவச் சுவடிகள் ஏறத்தாழ 11,000. அவற்றை 2005-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. சுவடிகள் சைவர்களுடையவை, ஆனால் அவற்றைக் காத்தது தமிழகத்துக்கே ஆன தொண்டு. எனக்கு அதில் பொறாமையில்லை, வெட்கமே உண்டு. முல்லா வீதியிலும், வில்லியனூரையடுத்த சுல்தான்பேட்டையிலும், காரைக்காலிலும் நம் வீட்டுப் பரண்களில் என்னென்ன இருக்கின்றன என்பதற்கு நம்மிடம் ஒரு பட்டியல் உண்டா?

என்ன இருக்கும் என்று கேட்பீர்கள். அரபுத் தமிழில் எழுதப்பட்ட கிதாபுகள் இருக்கும். தமிழ் ஒலிகளுக்காக அரபு எழுத்தில் புள்ளிகளைக் கூட்டியும் மாற்றியும் நம் முன்னோர் சமைத்த அந்த எழுத்துமுறையில் சட்டம், மருத்துவம், பைத்து, தாலாட்டு எல்லாம் எழுதப்பட்டன. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் சபுராளிகளாய்ச் சைகோனுக்குப் போனவர்களின் தகரப் பெட்டிகள் இருக்கும். கணக்குப் புத்தகமும் கடவுச்சீட்டும் கப்பல் ரசீதும், கடை வாசலில் நின்று பிடித்த புகைப்படமும் அவற்றில் கிடக்கும். தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-இல் சைகோன் நகரின் நடுவே எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. அதை எழுப்பிய தலைமுறையின் கையெழுத்து எங்கே? பேரன் வீடு மாற்றும்போது பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போகிறது.

போகாமல் தப்பியவற்றையும் நம் அன்பே கெடுக்கிறது. கிழிந்த ஏட்டின்மேல் செலோ டேப் ஒட்டுகிறோம்; சில ஆண்டுகளில் அந்தப் பசை மஞ்சளித்துத் தாளைத் தின்றுவிடுகிறது. மீசான் கல்லில் வெட்டிய பழைய எழுத்தின்மீது ஆண்டுதோறும் சுண்ணாம்பும் எனாமலும் பூசுகிறோம். பத்துப் பூச்சுக்குப் பின் எழுத்து மேடும் பள்ளமுமின்றிச் சமமாகிவிடுகிறது. பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து அதில் பொறித்த பெயரையே தேய்த்துவிட்டோம். இதையெல்லாம் செய்யாதீர் என்று சொல்லும் அதிகாரமும் கல்வியும் உள்ள ஒருவர் நம் ஊரில் இல்லை. அவர் பெயர்தான் காப்பாட்சியர்.

இனி அந்தத் தாயாரின் அச்சத்துக்கு வருவோம். சிலைகள் இருக்கும் இடம் ஈமானுக்கு ஆகாது என்கிறார். வணங்குவது வேறு, வரலாற்றுச் சான்றாக வைத்துக் காப்பது வேறு என்ற பாகுபாடு நம் முன்னோருக்குத் தெரிந்திருந்தது. பூமியில் பயணம் செய்து முன்சென்ற சமூகங்களின் முடிவைக் கண்டு சிந்திக்குமாறு திருமறை திரும்பத் திரும்பப் பணிக்கிறது. காண்பதற்கு எதையும் விட்டுவைக்காவிட்டால் எதைக் கண்டு சிந்திப்பது?

கிலாபத்தின் தலைநகராயிருந்த இஸ்தான்புல்லையே எடுத்துக்கொள்வோம். உதுமானிய வஸீர் ஒருவரின் மகனான உஸ்மான் ஹம்தி பே, சட்டம் படிக்கப் பாரிசுக்கு அனுப்பப்பட்டவர், ஓவியராகத் திரும்பினார். 1881-இல் அரசு அருங்காட்சியகத்தின் பொறுப்பேற்றார். ஐரோப்பியர் தோண்டியெடுத்த தொல்பொருள்களைக் கப்பல் கப்பலாக அள்ளிச் சென்ற காலம் அது. 1884-இல் வந்த சட்டம் அதற்குத் தடை போட்டது. அச்சட்டத்தின் பின்னணியில் நின்றவர் இவரே. 1887-இல் சைதா நகரில் அகழ்ந்து, அலெக்சாந்தர் பெயரால் வழங்கும் புகழ்பெற்ற கல்பேழை உட்படப் பலவற்றை இஸ்தான்புல்லுக்குக் கொண்டுவந்தார். அவற்றுக்கென்றே எழுப்பிய மாளிகை 1891-இல் திறக்கப்பட்டது. அப்பேழையில் மனித உருவங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. கலீஃபா அமர்ந்திருந்த நகரில் அதனால் எவருடைய ஈமானும் குலைந்துவிடவில்லை.

நம் நாட்டிலேயே சான்று வேண்டுமா? ஹைதராபாத் சமஸ்தானத்தில் 1914-இல் தொல்லியல் துறை அமைக்கப்பட்டபோது அதன் தலைமையை ஏற்றவர் குலாம் யஸ்தானி. அஜந்தா குகைகளின் பௌத்த ஓவியங்கள் உதிர்ந்துகொண்டிருந்த வேளை அது. 1920-இல் இத்தாலியிலிருந்து செக்கோனி, ஓர்சினி என்னும் இரு வல்லுநர்களை வரவழைத்து அவற்றுக்குப் பாதுகாப்புச் செய்வித்தது அச்சமஸ்தானம். யஸ்தானியே அந்த ஓவியங்களைப் பற்றிப் பெருந்தொகுதிகளாக நூலெழுதினார். அஜந்தாவின் புத்தர் இன்று நமக்குக் காட்சி தருவதில் தொழுகையாளியான ஒரு முஸ்லிமின் பங்கும் உண்டு. பிறர் விட்டுச்சென்ற அமானிதத்தையும் பேணுவதே அமானிதம் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

மேலும் ஒன்று. நம் ஹதீஸ் கலையின் உயிர்நாடி எது? இஸ்னாத். இச்செய்தியை இவர் யாரிடம் கேட்டார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்திருக்க முடியுமா, இடையில் சங்கிலி அறுந்ததா என்று ராவிகளை ஒவ்வொருவராக நிறுத்து உரசிப் பார்த்த பின்னரே முஹத்திஸ்கள் ஒரு செய்தியை ஏற்றனர். காப்பாட்சியர் ஒரு செம்புச் சிலையையோ சுவடியையோ ஏற்குமுன் செய்வதும் அதுவே: கை மாறி வந்த சங்கிலியைச் சோதிப்பது. பத்தூர் நடராசர் இலண்டன் நீதிமன்றத்தில் நின்று 1991-இல் தமிழகத்துக்குத் திரும்பினாரே, அவ்வழக்கின் சாரமே சங்கிலிதான். புகாரியும் முஸ்லிமும் வளர்த்த கலையின் வாரிசுகளுக்கு இந்தத் தொழில் அந்நியம் என்றால் நகைப்புக்கிடமாகாதா?

பழுதான குர்ஆன் ஏடுகளை நாம் மரியாதைக்காகக் கிணற்றிலோ ஆற்றிலோ இடுகிறோம், மண்ணில் புதைக்கிறோம். நோக்கம் உயர்ந்தது. யமன் நாட்டு ஸன்ஆ நகரின் பெரிய பள்ளிவாசலிலும் அதே மரியாதையோடு பழைய ஏடுகளைக் கூரைக்கடியில் ஒதுக்கி வைத்திருந்தனர். 1972-இல் பழுது பார்க்கும்போது அவை வெளிப்பட்டன. தோலில் எழுதிய குர்ஆன் ஏடுகள், அவற்றுள் சில ஹிஜ்ரி முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை! கூரையில் வைத்ததால் நின்றன; கிணற்றில் இட்டிருந்தால்? ஆலிம் பெருமக்கள் இதற்கொரு வழி வகுக்க வேண்டும். புதைப்பதற்கு முன் அறிந்தவர் ஒருவர் பார்த்துவிடட்டும் என்று ஒரு ஜும்ஆவில் சொன்னால் போதும்.

இனி மேடைப் பெருமக்களிடம் ஒரு சொல். 1973-இல் திருச்சியில் உலக இஸ்லாமியத் தமிழிலக்கிய மாநாடு கூடியது. அதன் பயனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. இலங்கையிலிருந்து வந்த உவைஸ் போன்ற பேரறிஞர்கள், நமக்கு இத்தனை காப்பியங்கள் உண்டு என்று கணக்குக் காட்டினர், நூல்கள் மறுபதிப்பாயின. ஆனால் அதன்பின் எத்தனை விழாக்கள்! எத்தனை பொன்னாடைகள்! ‘நம் முன்னோர் இமயம்’ என்று முழங்குவோர், அந்த இமயத்தின் ஓர் ஏட்டுக்கேனும் அமிலமற்ற தாளுறை வாங்கிக் கொடுத்ததுண்டா? பந்தலுக்கும் பிரியாணிக்கும் ஆன செலவில் பத்திலொரு பங்கை ஒரு மாணவரின் படிப்புக்கு ஒதுக்கியதுண்டா? மினாராவுக்கு விளக்குப் போட நன்கொடை கேட்டால் முந்திக்கொண்டு வருகின்ற செல்வர்கள், பள்ளிவாசல் அலமாரியில் பூச்சியரிக்கும் கையெழுத்துப் பிரதிகளைப் பற்றிச் சொன்னால் கைக்கடிகாரத்தைப் பார்க்கின்றனர். பெருமை பேசுவதற்கு மட்டும் வரலாறு வேண்டும். பேணுவதற்கு ஆள் வேண்டாம் என்றால், அந்தப் பெருமை கடன் வாங்கிய பெருமை.

இப்போது சம்பளக் கேள்வி. மூடி மறைப்பதற்கில்லை: பதவிகள் குறைவு. காலியிட அறிவிப்பு ஆண்டுக்கணக்கில் வராமலும் போகும். பொறுமை வேண்டும். ஆனால் வழியே இல்லையென்பது பொய். எழும்பூர் அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கப்பட்டது. தொல்லியல், மானிடவியல், நாணயவியல், விலங்கியல், தாவரவியல், புவியியல், வேதியியல் பாதுகாப்பு என்று அங்கே பிரிவுகள் பல. ஒவ்வொன்றுக்கும் அந்தந்தப் பாடம் படித்தவரே காப்பாட்சியராக முடியும். புதுக்கோட்டை, மதுரை, கடலூர் என்று மாவட்டங்களிலும் அரசு அருங்காட்சியகங்கள் உள்ளன. புதுச்சேரிக்கும் உண்டு. கீழடியில் 2023-இல் திறந்த அருங்காட்சியகத்தைப் பார்க்க மக்கள் திரளாகப் போவதைக் கண்ட பின்னும் இதைச் செத்த தொழில் என்பவர், கண்ணை மூடிக்கொண்டு பேசுகிறவர்.

எழும்பூரில் இருந்த பரமசிவன் என்ற வேதியியலார், 1930-இல் அங்கே அமைந்த ஆய்வுக்கூடத்தில், பச்சை பூத்து அரித்துக்கொண்டிருந்த செப்புத் திருமேனிகளுக்கு மின்வேதியியல் முறையில் மருத்துவம் செய்தார். அங்கே தொல்லியல் காப்பாட்சியராயிருந்து அமராவதிச் சிற்பங்களைப் பற்றிப் பெருநூல் செய்த சிவராமமூர்த்தி, பின்னாளில் தில்லி தேசிய அருங்காட்சியகத்தின் தலைமைக்கு உயர்ந்து, 1975-இல் பத்மபூஷண் பெற்றார். படிக்க எங்கே போவது? பரோடா பல்கலைக்கழகம் 1952-இலேயே இப்பாடத்தைத் தொடங்கிவிட்டது. அதைவிட நமக்கு உறைக்க வேண்டியது ஒன்றுண்டு. சர் சையிதின் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் அருங்காட்சியகவியலுக்கென்றே தனித்துறை இருக்கிறது. நம் பெயரால் நடக்கும் பல்கலைக்கழகம் அதைக் கற்பிக்கிறது. நாம் அதைக் கேலி செய்கிறோம்!

அது மட்டுமா? இத்தொழிலில் மற்றவருக்கு இல்லாத முதல் நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. ஐந்து வயதில் மக்தபில் உட்கார்ந்து அலிஃப், பே ஓதிய தமிழ்ப் பிள்ளைக்குப் பத்து வயதில் அரபு எழுத்தும் தெரியும், தமிழ்ப் பேச்சும் தெரியும். அரபுத் தமிழ் ஏட்டைப் புரிந்துகொள்ள இவ்விரண்டும் ஒருசேர வேண்டும். அரபு மட்டும் தெரிந்தவர் கையில் அந்த ஏட்டைக் கொடுத்தால் ‘பொருள் விளங்காத அரபு நூல்’ என்று எழுதுவார். தமிழ் மட்டும் தெரிந்தவர் ‘அரபு நூல்’ என்று எழுதி மூடிவைப்பார். ஒரு மதரஸா மாணவர் வேதியியலிலோ வரலாற்றிலோ பட்டமும், பின்பு அருங்காட்சியகவியலும் கற்று வந்தால், அவர் இடத்தை நிரப்ப இந்திய நாட்டில் எத்தனை பேரைக் காட்ட முடியும்? இமாமத்தைத் தவிர வேறு வழியில்லை என்று மதரஸாப் பிள்ளைகளின் எதிர்காலத்தை எண்ணிப் புலம்புகிறோமே, இந்த வாசல் திறந்திருப்பதை ஏன் எவரும் அவர்களுக்குச் சொல்வதில்லை?

இறுதியாக ஓர் அச்சம் உண்டு. வெளியே சொல்லாமல் உள்ளுக்குள் வைத்திருப்பது. ‘பட்டியல் போட்டால் அரசாங்கம் எடுத்துக்கொண்டு போய்விடும்’ என்பது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தைப் படித்தவர் இப்படி அஞ்ச மாட்டார். நூறாண்டு கடந்த பொருளும், இலக்கியமோ வரலாறோ பற்றிய 75 ஆண்டு கடந்த கையெழுத்துப் பிரதியும் தொல்பொருள் என்கிறது அச்சட்டம். தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது என்பது அதன் முதன்மையான தடை. வீட்டிலோ பள்ளிவாசலிலோ வைத்திருப்பதை அது தடுக்கவில்லை. பட்டியல் எழுதியதனாலேயே உடைமை கைமாறிவிடுவதுமில்லை. மாறாக, களவு போன பொருளை ‘எங்களுடையது’ என்று நிரூபிக்க நாளை நமக்கு உதவப்போவது புகைப்படத்தோடு கூடிய பட்டியல்தான். பட்டியலில்லாத பள்ளிவாசல் அலமாரியிலிருந்து ஓர் ஏடு மறைந்தால், முத்தவல்லி எந்தக் காவல் நிலையத்தில் என்ன எழுதிக் கொடுப்பார்?

சுல்தான்பேட்டையும் புதுச்சேரியும் காரைக்காலும், மூன்று ஜமாஅத்துகள் ஒன்றுகூடினால் ஆண்டுக்கு ஒருவரை அலிகருக்கோ பரோடாவுக்கோ அனுப்பிவைக்கும் செலவு பெரிதன்று. அதற்காகக் காத்திராமல் இந்த ரமலானுக்குப் பின் ஒரு நீளமான நோட்டுப் புத்தகம் வாங்கலாம்: வரிசை எண், பொருள், யார் கொடுத்தது, எப்போது, அளவு, இப்போதைய நிலை என்று ஆறு பத்திகள் கோடிடலாம். பள்ளிவாசல் அலமாரியிலிருந்தே தொடங்கலாம். சேதராப்பட்டுப் பெண்ணின் கையெழுத்து நன்றாயிருக்கும் என்று கேள்வி.